மருந்து வழங்கல் (தாதியம்)

நோயாளிக்கு மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பதும், வீட்டில் அதை எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதும் சேர்ந்த தாதியப் பணி. சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தையும் பார்ப்பது அடிப்படை. பெயரை நோயாளியே சொல்ல வேண்டும். "நீங்கள்தானே இன்னார்?" என்றால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார்.

புற்றுநோய் மருந்துகளில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். புற்றுநோய் விடுதிகளில் பயன்படும் வின்கிறிஸ்ரின் என்ற மருந்து நாளத்தில் மட்டும் ஏற்றப்படுவது; முள்ளந்தண்டுத் திரவத்துக்குள் தவறிப் போனால் பெரும்பாலும் உயிர் தப்பாது. ஆகவே ஊசிக்குழாயில் எடுக்காமல் சிறு சேலைன் பையில் கலந்து ஏற்றுமாறு உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.

வீட்டில் எடுக்கும் மருந்துகளிலும் இதே கவனம் வேண்டும். மூட்டுவாதத்துக்கான மெதோட்ரெக்சேற் குளிசை கிழமைக்கு ஒருமுறைதான். நாள்தோறும் விழுங்கி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. "விளங்கினதா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஓம் என்பார்கள். "அம்மா, இதை எந்த நாளில போடுவியள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் நாளைத் துண்டில் எழுதிக்கொடுக்க வேண்டும்.