மின்ரசீது

மின்ரசீது என்பது கடையில் தாளில் அச்சிட்டுத் தரும் பில்லுக்கு மாற்றாக மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், கடையின் செயலி, கியூஆர் குறியீடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றன் வழியே வாங்கியவருக்குச் சேரும் விற்பனைச் சான்று. என்ன பொருள், என்ன விலை, எவ்வளவு வரி, எந்தக் கடை, எந்த நாள் என்ற விவரங்கள் இரண்டிலும் ஒன்றுதான். தாள் பில்லை எதிரில் நிற்பவர் கையில் கொடுத்துவிடலாம். அவர் யார் என்று கடைக்குத் தெரிய வேண்டியதில்லை. மின்ரசீதை அனுப்புவதற்கு ஒரு முகவரி கேட்கிறார்கள். மின்னஞ்சலோ கைபேசி எண்ணோ, அது ஓர் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது. மின்ரசீது பற்றிய தனியுரிமைச் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன.

அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் கடைகள் 2005-இல் மின்னஞ்சலில் ரசீது அனுப்பத் தொடங்கின. பின்னர் ஸ்கொயர் போன்ற கட்டணச் சேவைகள் சிறு கடைகளுக்கும் இந்த வசதியைக் கொண்டு சேர்த்தன. ஸ்கொயரில் ஒருவர் ஒரு கடையில் மின்னஞ்சல் முகவரியைத் தந்தால் அது அவருடைய அட்டையோடு இணைந்துவிடும். அதன்பின் ஸ்கொயர் கருவி வைத்திருக்கும் வேறொரு கடையில் அதே அட்டையைத் தேய்த்தாலும் கேட்காமலே ரசீது வந்து சேரும். அட்டையும் முகவரியும் ஒருமுறை முடிச்சுப் போடப்பட்டால் அது எத்தனை கடைகளுக்குச் செல்லுபடியாகும் என்பதை வாடிக்கையாளர் முன்கூட்டி அறிய வழியில்லை.

தாள் பில்லின் குறைகள்

தாளைக் கைவிடச் சொல்வோரின் காரணங்கள் வலுவானவை. இன்று கடைகளில் பயன்படும் தெர்மல் தாளில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சே எழுத்தாகிறது. அந்தப் பூச்சில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த பிஸ்பீனால் ஏ, உடலின் ஹார்மோன் இயக்கத்தில் குறுக்கிடும் வேதிப்பொருள். அது தாளில் கட்டுண்டு கிடப்பதில்லை என்பதால் தொடும் விரல்களில் ஒட்டிக்கொள்ளும். எப்போதாவது பில் வாங்குபவரைவிட, நாள் முழுதும் கிழித்துக் கொடுக்கும் காசாளருக்கே பாதிப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 2 முதல், தெர்மல் தாளில் எடைக்கு 0.02 சதவீதம் அல்லது அதற்கு மேல் பிஸ்பீனால் ஏ இருக்கக் கூடாது என்று தடுத்தது. உடனே பல உற்பத்தியாளர்கள் பிஸ்பீனால் எஸ் என்ற உறவுப் பொருளுக்கு மாறினார்கள். அதுவும் குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை. இந்தப் பூச்சு இருப்பதால் பில் தாளைப் பழைய தாள்களோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போடவும் கூடாது. போதாக்குறைக்கு எழுத்து மங்கிப்போகும். குளிர்பதனப் பெட்டி பழுதாகி வாரண்டிக்காகப் பில்லைத் தேடி எடுக்கும்போது கையில் வெற்றுத் தாள் மிஞ்சுவது பல வீடுகளில் நடப்பதுதான்.

தாளை விலக்கும் சட்டங்கள்

இதில் முழுவீச்சில் இறங்கிய நாடு பிரான்ஸ். ஆண்டுக்கு 3,000 கோடி ரசீதுகள் அங்கே அச்சாவதாக அரசு கணக்குச் சொன்னது. வீணடிப்பைத் தடுக்கும் 2020 பிப்ரவரி 10-ஆம் நாள் சட்டம், கேட்காமலே ரசீது அச்சிடும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர ஆணையிட்டது. 2023 ஜனவரி 1 என்று குறித்த நாள் ஏப்ரல் 1 ஆகி, பிறகு ஆகஸ்ட் 1 ஆனது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம் அது; மக்கள் பில்லை வரி வரியாகச் சரிபார்க்க விரும்புகிறார்கள் என்ற வாதம் தள்ளிவைப்புக்குக் காரணமானவற்றுள் ஒன்று.

இச்சட்டம் தாளைத் தடை செய்யவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் அச்சிட்டுத் தந்தே ஆக வேண்டும். இதைத் தெரிவிக்கும் அறிவிப்பைக் கல்லாவின் அருகே வைக்கவும் வேண்டும். வாரண்டி உள்ள வீட்டுச் சாதனங்கள் போன்ற நீடித்துழைக்கும் பொருள்களுக்கும், தராசுக் கருவி தரும் எடைச் சீட்டுக்கும், தோல்வியடைந்த அட்டைப் பரிமாற்றத்துக்கும் தாள் ரசீது தொடர்கிறது. மின்ரசீது கட்டாயமில்லை, தாளும் வேண்டாம் மின்வடிவும் வேண்டாம் என்று நடையைக் கட்டலாம். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், ரசீதுக்காக மின்னஞ்சலையோ எண்ணையோ தரும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், ரசீதுக்காகத் தந்த முகவரியைக் கடை தன் விருப்பப்படி விளம்பரத்துக்குத் திருப்பிவிட முடியாது என்றும் வலியுறுத்தியது. சுற்றுச்சூழல் சட்டம் ஒன்று விளம்பர நிறுவனங்களின் வாசலாகிவிடக் கூடாது என்ற கவலையை அந்நாடு வெளிப்படையாகவே எதிர்கொண்டது.

கலிஃபோர்னியாவில் 2019-இல் சட்டமன்ற உறுப்பினர் ஃபில் டிங், கேட்டால் மட்டுமே தாள் என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். கீழவையைத் தாண்டிய அது செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் நின்றுபோனது. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. வரி ஏய்ப்பைத் தடுக்க 2020 ஜனவரி 1 முதல் மின்னணுக் கல்லா வைத்திருக்கும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது தர வேண்டும் என்றது. ஒரு ரொட்டிக்கும் பில்லா என்று அடுமனைக்காரர்கள் கொதித்தார்கள். வாடிக்கையாளர் இசைந்தால் மின்வடிவில் தரலாம் என்பதே அவர்களுக்குக் கிடைத்த வழி.

கனடா வழக்கு

மின்ரசீதால் என்ன நேரும் என்பதைத் தெளிவாகக் காட்டியது, கனடாவின் தனியுரிமை ஆணையர் பிலிப் டுஃப்ரேன் 2023 ஜனவரி 26 அன்று வெளியிட்ட விசாரணை முடிவு. ஒருவர் தம் ஃபேஸ்புக் கணக்கை மூட முற்பட்டபோது, ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடையில் தாம் நேரில் சென்று வாங்கிய பெரும்பாலான பொருள்களின் பதிவு ஃபேஸ்புக்கிடம் இருப்பதைக் கண்டு புகார் செய்தார். விசாரணையில் உண்மை வெளிவந்தது. கல்லாவில் மின்ரசீதுக்காக முகவரி தந்தவர்களின் மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்து, வாங்கிய விவரங்களோடு சேர்த்து, குறைந்தது 2018 முதல் அந்தக் கடை ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. இணையத்தில் காட்டிய விளம்பரம் கடையில் விற்பனையாக மாறியதா என்று அளப்பதற்காக மெட்டா நடத்திய சேவை அது.

குறியாக்கம் என்ற சொல்லைக் கேட்டால் விவரம் பூட்டப்பட்டது போலத் தோன்றும். இங்கே நடப்பது அதுவன்று. ஹேஷ் எனப்படும் கணக்கீடு, மின்னஞ்சல் முகவரியை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றுகிறது. ஒரே முகவரி எங்கே எத்தனை முறை இட்டாலும் ஒரே சரமே வரும். மெட்டாவிடம் தன் பயனர்களின் முகவரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றையும் அதே முறையில் மாற்றி இரண்டையும் ஒப்பிட்டால் ஆள் கிடைத்துவிடுவார். அந்த முகவரியை வைத்திராத வெளியாருக்குத்தான் இந்த மறைப்பு தடை. யாருக்கு அனுப்பப்படுகிறதோ அவருக்கு அது தடையே இல்லை.

தனியுரிமை அறிக்கை இணையதளத்தில் உள்ளது, கடையிலும் கேட்டால் கிடைக்கும், ஆகவே வாடிக்கையாளரின் இசைவு உள்ளுறையாகக் கிடைத்துவிட்டது என்று நிறுவனம் வாதிட்டது. அடிக்கடி இசைவு கேட்டால் மக்கள் சலித்துப்போவார்கள் என்றும் சொன்னது. ஆணையர் இரண்டையும் ஏற்கவில்லை. ரசீதை மின்னஞ்சலில் அனுப்பவா என்று காசாளர் கேட்கும்போது, இந்த விவரம் ஃபேஸ்புக்குக்குப் போகும் என்று எந்த வாடிக்கையாளரும் எதிர்பார்க்க மாட்டார் என்பதே அவருடைய முடிவின் சாரம். ஆணியும் வண்ணப்பூச்சும் அந்தரங்கமானவை அல்ல என்றாலும், வேறு கடைகளில் வாங்குபவை ஒருவரின் உடல்நலத்தையும் வாழ்க்கையையும் திறந்து காட்டும் என்று அவர் எச்சரித்தார். கருவுறுதல் சோதனைக் கருவி, மனநோய் மருந்து, மது என்று நினைத்துப் பார்த்தால் அந்த எச்சரிக்கையின் கனம் புரியும். நிறுவனம் 2022 அக்டோபரில் இந்தப் பகிர்வை நிறுத்தியிருந்தது, பரிந்துரைகளையும் ஏற்றுக்கொண்டது.

அஞ்சற்பெட்டிக்குள் வந்த பிறகு

கடை நேர்மையாக நடந்துகொண்டாலும் ரசீது வந்து விழும் இடம் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். வேண்டாத மடல்களை நீக்கித் தருவதாகச் சொல்லி மக்களின் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்க அனுமதி வாங்கிய அன்ரோல்.மீ என்ற அமெரிக்கச் சேவை, அங்கிருந்த மின்ரசீதுகளைத் தன் தாய் நிறுவனமான ஸ்லைஸுக்குக் கொடுத்துவந்தது. பெயர் நீக்கிய லிஃப்ட் வாடகைக் கார் ரசீதுகளின் விவரத்தை அதன் போட்டியாளரான ஊபர் விலைக்கு வாங்கியது 2017-இல் வெளியானது. 2019-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், பயனர்களை ஏமாற்றியதாக அன்ரோல்.மீ மீது நடவடிக்கை எடுத்தது. வெளிப்படையான இசைவு தராதவர்களிடமிருந்து திரட்டிய ரசீதுகளை அழிக்கவும் உத்தரவிட்டது.

சட்டங்கள் தாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது இன்னொரு இடர். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அச்சிடும் ரசீதில் அட்டை எண்ணின் கடைசி 5 இலக்கங்களுக்கு மேல் காட்டக் கூடாது, காலாவதித் தேதியும் கூடாது என்கிறது. மின்னஞ்சலில் வரும் ரசீது அச்சிடப்பட்டது ஆகாது, எனவே அதற்கு இந்தக் காப்பு கிடையாது என்று ஏழாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. குறுஞ்செய்தியில் வரும் ரசீது இணைப்புகளிலும் ஓர் ஓட்டை உண்டு. இணைப்பின் வால் வெறும் வரிசை எண்ணாக இருந்தால் அதில் ஓர் இலக்கத்தை மாற்றி அடுத்தவரின் பில்லைத் திறந்துவிடலாம். ஊகிக்க முடியாத நீண்ட குறியீடும், குறித்த நாளில் காலாவதியாகும் ஏற்பாடும் இதற்கு எளிய மருந்து.

இந்தியாவில் கைபேசி எண்

இங்கே மின்னஞ்சல் கேட்பார் குறைவு. பில் போடும் முன்னரே "நம்பர் சொல்லுங்க" என்ற குரல்தான். கனடாக்காரரின் மின்னஞ்சலைவிட இந்தியரின் கைபேசி எண் கனமானது. ஆதார், வங்கிக் கணக்கு, யுபிஐ, வாட்ஸ்அப் அனைத்தும் அந்த ஓர் எண்ணில் தொங்குகின்றன. மின்னஞ்சலைப் புதிதாகத் திறந்துகொள்ளலாம். எண்ணை மாற்றுவது வாழ்க்கையையே இடம் மாற்றுவது போன்றது. அதைப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாதவர் குறித்துக்கொண்டு அழைப்பார் என்ற அச்சத்தோடு எத்தனையோ பெண்கள் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள். அந்தத் தயக்கத்தை எந்தப் பில்லிங் மென்பொருளும் கணக்கில் எடுப்பதில்லை.

எண் தராவிட்டால் பில் போட முடியாது என்று கடைகள் மறுப்பதாகப் புகார்கள் வந்ததையடுத்து, ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் சில்லறை வணிகத் துறைக்கும் தொழில் கூட்டமைப்புகளுக்கும் அறிவுரை அனுப்பியது. எண்ணைக் கட்டாயப்படுத்துவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று துறைச் செயலர் கூறினார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதும், நம்பித் தந்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளிப்படுத்துவதும் அதே வகை நடைமுறைகளே.

வரிச் சட்டம் கேட்கிறது என்ற சமாதானமும் நிற்காது. ஜிஎஸ்டி விதிகளின்படி, பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் பில்லில் கட்டாயமாக வேண்டியது தொகை 50,000 ரூபாயை எட்டும்போதுதான். ஒரு கிலோ பருப்புக்கும் ஒரு சட்டைக்கும் எண் கேட்பது கடையின் விருப்பமே தவிர அரசின் ஆணை அன்று.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சூழலையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. மருந்துக் கடையில் பொருள் வாங்கும் ஒரு பெண் தாமே முன்வந்து விவரத்தைத் தந்து, பணம் செலுத்தியதற்கான ரசீதைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்கிறார். ரசீது அனுப்புவதற்காகக் கடை அவ்விவரத்தைக் கையாளலாம் என்கிறது ஏழாம் பிரிவின் விளக்கம். ரசீதுக்கு வாங்கியது ரசீதுக்கு மட்டுமே என்ற எல்லை அதிலிருந்து தெளிவாகிறது. ஆனால் இந்தப் பிரிவின்கீழ் வரும் பயன்பாட்டுக்கு, இசைவு பெறும்போது தர வேண்டிய முன்னறிவிப்பு தேவையில்லை. காசாளர் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிடும் பத்து இலக்கத்தை முன்வந்து தந்ததாகக் கொள்ள முடியுமா? சட்டத்தின் காப்பு இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

மின்ரசீதின் நல்ல முகத்தையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. ஸ்மார்ட் குடும்ப அட்டை வந்தபின், ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வாங்காத சர்க்கரையை வாங்கியதாகச் செய்தி வந்ததால்தான் பலர் முறைகேட்டைக் கண்டுகொண்டு கேள்வி கேட்டார்கள். இங்கே ரசீது, வாங்குபவருக்காகக் கடையைக் கண்காணிக்கிறது.

அடையாளம் கேட்காத முறைகள்

முகவரி இல்லாமல் மின்ரசீது தர முடியும். கல்லாத் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை வாடிக்கையாளர் தம் கைபேசியால் படமெடுத்தால் ரசீது அவரிடம் போய்விடும். கடைக்கு அவர் யாரென்று தெரியாது. பணம் செலுத்தவே ஒவ்வொரு பில்லுக்கும் தனிக் குறியீட்டைத் திரையில் காட்டும் கடைகள் நம்மிடையே ஏராளம். அதே திரையில் ரசீதுக்கும் ஒன்று காட்டுவது பெரிய தொழில்நுட்பச் சிரமமன்று. இம்முறை பரவாததற்குக் காரணம், கடைகளுக்கு ரசீது அனுப்புவதைவிட எண்ணைச் சேர்ப்பதில் ஆதாயம் அதிகம் என்பதே. கைபேசி இல்லாத முதியவருக்குத் தாள் பில் தரும் கடமை எந்த முறையிலும் தொடர வேண்டும்.

தைவான் வேறொரு வழி கண்டது. 1951 முதல் கடை ரசீது எண்ணுக்குக் குலுக்கல் பரிசு தரும் நாடு அது. நிதி அமைச்சகத்தின் மின்ரசீதுத் தளத்தில் பதிந்தவருக்கு 8 எழுத்துகள் கொண்ட பட்டைக் குறியீடு கிடைக்கும். கடை அதை வருடினால் போதும்; பெயரோ எண்ணோ கடைக்குப் போகாது. ஆனால் அவருடைய ரசீதுகள் அனைத்தும் அரசின் தளத்தில் ஓரிடத்தில் குவிகின்றன. ரசீதில் அரசு தலையிடுவதை மக்கள் எதிர்த்ததும் உண்டு. போர்ச்சுகலில் 2013-இல், பில் கேட்டு வாங்காத நுகர்வோருக்கும் அபராதம் என்ற நிலை வந்தபோது, மக்கள் கடைகளில் தம் வரி எண்ணுக்குப் பதிலாக அன்றைய பிரதமர் பாசோஸ் கொயல்யோவின் வரி எண்ணைச் சொல்லி எதிர்ப்புக் காட்டினார்கள். இந்தியாவில் நிறுவனங்களுக்கு இடையிலான விற்பனைக்கு இருக்கும் மின்விலைப்பட்டியல் முறையை நுகர்வோர் விற்பனைக்கும் விருப்ப அடிப்படையில் சோதித்துப் பார்க்க, 2024 செப்டம்பர் 9 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தது. அது முழு அளவில் நடைமுறைக்கு வந்தால், கடைக்காரர் வைத்திருக்கும் விவரத்தோடு அரசுத் தளத்தில் சேரும் விவரத்தைப் பற்றியும் இதே கேள்விகளை எழுப்ப வேண்டிவரும்.