புயல் கொண்டுவந்த ரம்பம்

1916, நவம்பர் 22. புதன்கிழமை ராத்திரி. புதுச்சேரியைப் புயல் புரட்டிப் போட்டது. 1908-லிருந்து அந்த ஊரில் அடைக்கலமாக இருந்த பாரதியார் அதை நேரில் பார்த்தார். ‘புயற்காற்று’, ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்று இரண்டு கவிதைகள் நமக்குக் கிடைத்தன.

கவிஞரின் வேலை அதோடு முடிந்தது. ஊரின் வேலை? விழுந்த மரத்தை அப்புறப்படுத்தியாக வேண்டுமே! அன்றைக்கு இருந்தது கோடாலி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுக்கும் ரம்பம், ஆப்பு... அவ்வளவுதான்.

95 வருஷம் கழித்து, 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் ஆரம்பித்த தாவரவியல் பூங்காவில்கூட எத்தனையோ பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் கிடையாது. பல வீட்டுக் கொல்லைகளில் விறகு அடுப்பு மறுபடி புகைந்தது. தெருவெல்லாம் ஒரே சத்தம்... ‘ர்ர்ர்ரூம்’! மரம் அறுக்கிற மிஷின். செயின் சா.

இந்த மிஷினின் பூர்வீகம் ஆஸ்பத்திரி என்றால் நம்புவீர்களா? 18-ம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு டாக்டர்கள் பல் வைத்த சங்கிலி ஒன்றைக் கையால் இழுத்து எலும்பை அறுத்தார்கள். சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பை விரிக்கவும் அது பயன்பட்டது. (மயக்க மருந்து வராத காலம். நினைத்தாலே நடுங்குகிறது!) 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடும்படி ஒரு எலும்பு ரம்பம் செய்தார். அது காட்டுக்குப் போய்ச்சேர இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சாரத்திலும், 1929-ல் பெட்ரோலிலும் ஓடும் ரம்பங்களைக் கொண்டுவந்தார்.

ஆனாலும் சங்கிலியின் பல் சீக்கிரம் மழுங்கித் தொந்தரவு கொடுத்தது. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகனில், ஜோ காக்ஸ் என்பவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். அடிமரத்துக்குள் ஒரு வண்டின் புழு ஜாலியாக மரத்தைத் தின்றுகொண்டிருந்தது! வளைந்த தாடைகளால் இடம் வலம் என்று மாற்றி மாற்றி அது கடிப்பதை உட்கார்ந்து கவனித்தார். அந்தத் தாடையையே எஃகில் வடித்தார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய சங்கிலி.

அந்தப் பல், நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது மணிக்கு 70 கி.மீ.க்கு மேல்! சங்கிலி ஓடும் பட்டையின் நுனியில், மேல் பாதி மரத்தில் இடித்தால் போச்சு. பல் மாட்டிக்கொள்ள, கண் இமைப்பதற்குள் ரம்பம் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்துக்கோ கழுத்துக்கோ திரும்பும். முன் கைப்பிடியைப் பெருவிரலை மடக்கி இறுக்கிப் பிடிக்கச் சொல்வதும், தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே என்பதும் இதனால்தான். 1970-களின் தொடக்கத்தில்தான், துள்ளிய உடனே சங்கிலியை நிறுத்தும் பிரேக் புழக்கத்துக்கு வந்தது.

‘தானே’ அடித்த மூன்றாம் நாள், குருசுக்குப்பம் பக்கம் ஒரு சந்தில் நான் பார்த்த காட்சி இது. சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று, இந்தப் பக்கம் வேரிலும் அந்தப் பக்கம் மதில்சுவரிலுமாகப் பாலம் மாதிரி கிடந்தது. மிஷினோடு ஒரு பையன். மடித்துக் கட்டிய லுங்கி, ரப்பர் செருப்பு. கண்ணாடி இல்லை, காதில் பஞ்சுகூட இல்லை. (அந்தச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும்.) மேலேயிருந்து அறுக்க ஆரம்பித்தான். பாதி போனதும் மரம் தன் பாரத்தில் உட்கார, ரம்பம் கவ்விக்கொண்டது. பையன் மிஷினை முறுக்குகிறான், இழுக்கிறான்... ம்ஹூம்.

வேடிக்கை பார்த்த பெரியவர் ஒருவர், “டேய் தம்பி, மொதல்ல அத ஆஃப் பண்ணு!” என்று கத்தினார். கோடாலியால் ஒரு கிளையைச் சீவி ஆப்பு செய்து, வெட்டின வாயில் வைத்து அடித்தார். வாய் திறந்தது. ரம்பம் வெளியே வந்தது. “ரெண்டு பக்கமும் தாங்கி நிக்குற மரம்டா இது. மேல கொஞ்சமா போட்டுட்டு, மிச்சத்த கீழேர்ந்து அறுக்கணும். ஒத்தப் பக்கம் தொங்குனா, மொதல்ல கீழ, அப்புறம் மேல.” மரத்தின் எந்தப் பக்கம் இழுபடுகிறது, எந்தப் பக்கம் நசுங்குகிறது என்கிற கணக்கை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

ஆப்பைப் பிடுங்கி வால் நசுங்கிச் செத்த குரங்கு ஞாபகம் வந்தது. அந்தக் குரங்குக்கும் புதுச்சேரிக்கும் சம்பந்தம் உண்டு. 1790-களின் தொடக்கத்தில் இங்கே வந்திறங்கிய பாதிரியார் அபே துபுவா, பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1826-ல் பாரீஸில் வெளியிட்டார். அதே வருஷம் சென்னையில் தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரமும் அச்சேறியது.

பெரியவர் விடவில்லை. பையனை வேர்ப்பக்கம் கூட்டிப்போனார். மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்கு நின்றது வேர். “இத ஒட்டி அறுத்தா, பாரம் விட்டுப்போய் வேரு அப்படியே திரும்பிப் பள்ளத்துல உக்காரும். பின்னாடி எவனாவது நின்னா அவ்ளோதான்.” பின்னாடி நாலு குழந்தைகள் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தன. முதலில் அவற்றை விரட்டினார். அப்புறம் மரத்தில் விளம்பரத் தட்டிக்காக யாரோ எப்போதோ அறைந்திருந்த ஆணிகளைக் காட்டினார். ஓடுகிற சங்கிலி ஆணியில் பட்டால் பல் போகும், சங்கிலியே அறுந்து தெறிக்கலாம்.

பையன் வீட்டுக்குப் போய், பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு வந்தான். சாயந்திரத்துக்குள் மரம் துண்டு துண்டாகிச் சுவரோரம் அடுக்கப்பட்டது. “பச்ச மரம், இப்ப எரியாது. காயணும்” என்றார் பெரியவர். அப்படியும் ஆளுக்கு நாலு கட்டை என்று தெருவே தூக்கிக்கொண்டு போனது.