பூனை மீசையும் ஈயக் கல்லும்



1920-களில் வானொலியைப் பொழுதுபோக்காகப் பயின்றவர்களின் மேசையில் இருந்த சாதனங்கள் மிகச் சில. அட்டைக் குழாயின்மீது சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன், கலீனா எனப்படும் ஈயத் தாதுக் கல் ஒன்று, அக்கல்லை நுனியால் தீண்டும் மெல்லிய கம்பி. அக்கம்பிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பூனை மீசை'. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, கலைச்சொல் எதுவும் தேடாமல் அப்படியே தமிழாக்கக் கிடைத்த அபூர்வமான பெயர் இது.

இக்கருவிக்கு பாட்டரி வேண்டுவதில்லை. கூரைமேல் கட்டிய ஏரியல் பற்றுகின்ற அலையின் அற்ப ஆற்றலே காதில் ஒலியாகிவிடும். கல்லும் கம்பியும் தொடும் இடம் மின்னோட்டத்தை ஒரு திசையில் செல்லவிட்டு மறு திசையில் தடுப்பதால், அலையின்மீது ஏறி வந்த குரல் பிரிந்து கேட்கிறது. ஆனால் கல்லின் எல்லா இடமும் இதற்கு இசையாது. இசையும் புள்ளியை மீசையால் தடவித் தடவித் தேட வேண்டும். கண்டுபிடித்து மகிழும் வேளையில் எவரேனும் மேசையை அசைத்துவிட்டால், மறுபடியும் தேடல்தான்!

தாதுக்களின் இவ்வியல்பை 1874-இல் ஜெர்மானியரான பிரவுன் கண்டார். மின்னலைகளை உணர அதனைப் பயன்படுத்தியவர் கல்கத்தாவில் இருந்த ஜகதீச சந்திர போஸ். கண்டுபிடிப்பை விலைப்பொருளாக்க விரும்பாத அவரை நண்பர்கள் வற்புறுத்தவே, 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்க உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று உலகெங்கும் பேசப்படும் குறைகடத்திச் சில்லுகளின் வம்சாவளியில் இப்பத்திரம் முதல் வரிசையில் நிற்கிறது.

ருஷ்யாவில் லோசெவ் என்ற இளைஞர், 1922-இல், துத்தநாகத் தாதுக் கல்லைக் கொண்டே அலைகளைப் பெருக்கிக் காட்டினார். டிரான்சிஸ்டர் பிறந்தது 1947-இல். லோசெவோ முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் 1942-இலேயே பசியால் மாண்டுபோனார்.

நம் சென்னைக்கு வருவோம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த உறுப்புகளை இணைத்து ஒரு சிறு ஒலிபரப்பி அமைத்தார். 1924 மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. ஜூலை 31 முதல் 40 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பலாயிற்று. ஒரு மேசை விளக்கின் ஆற்றல்! அரசாங்கத்தின் ஆணையால் அன்று, பொழுதுபோக்காளரின் ஆர்வத்தால் பிறந்த ஒலிபரப்பு அது. ஆர்வம் குறையவில்லை, பணம் குறைந்தது. வானில் வரும் பாட்டைச் சந்தா கட்டியவரும் கட்டாதவரும் ஒன்றுபோலவே கேட்கலாம் என்னும்போது, செலவை யார் ஏற்பது? 1927-இல் சங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனி, ஒவ்வொரு வானொலிப் பெட்டிக்கும் ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்சுக் கட்டணம் இருந்தும், மூன்றாண்டுக்குள் முறிந்தது.

சங்கத்தார் தம் ஒலிபரப்பியை விற்றுக் காசாக்கவில்லை. சென்னை நகராண்மைக் கழகத்துக்கு அளித்துவிட்டனர். இதனை நான் பெரிதாக மதிக்கிறேன். 1930 ஏப்ரல் 1-ஆம் நாள் கழகத்தின் ஒலிபரப்பு தொடங்கிற்று. பெட்டி வாங்க இயலாதவர்களும் கேட்கும்படி மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் அமைந்தன. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரையில், மாலை வேளைகளில் கடற்கரை மணலில் அமர்ந்து மக்கள் அந்த இசையைக் கேட்டு வந்தனர்.