கல்முனைக் கரையிலிருந்து ஆபிரிக்காவைக் கற்பித்தல்

ஆபிரிக்கா நம் பள்ளி மாணாக்கர்க்கு எவ்வாறு அறிமுகமாகின்றது? ஐரோப்பியரின் நாடுகாண் பயணங்களில் ஒரு தங்குமிடமாகவும், அடிமை வாணிபத்தின் களமாகவும், ஏகாதிபத்தியங்கள் பங்கிட்டுக்கொண்ட நிலமாகவுமே பெரும்பாலும் அறிமுகமாகின்றது. இவை உண்மைகளே. எனினும், மூன்றிலும் வினை புரிபவன் ஐரோப்பியன். ஆபிரிக்கன் வினைக்கு உட்படுபவன். ‘இருண்ட கண்டம்’ என்ற பழைய பெயர் வழக்கொழிந்தும் அதன் நோக்கு ஒழியவில்லை. அந்நோக்கை மாற்றுவதற்குக் கல்முனைக் கரையோர வகுப்பறை சிறப்பாகத் தகுதியுடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இவ்வழியில் முன்னோடி ஒருவர் உளர். ஏ. எம். ஏ. அஸீஸ் 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றினார். போர்க்கால உணவு உற்பத்தியே அவர்தம் பணியெனினும், கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றுவதற்கும் அவர் காரணராயினார். அவரே 1960களில் ‘மிஸ்ரின் வசியம்’, ‘ஆபிரிக்க அனுபவங்கள்’ முதலிய பயண நூல்களை எழுதினார். ஆபிரிக்காவைத் தமிழின் வழியே நேரிற் காணலாம் என்பதற்கு அவை சான்று.

நம் வரலாற்றிலும் ஆபிரிக்கர் இருவர் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளனர். 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, மொரோக்கோவின் தஞ்சியரிற் பிறந்த பெர்பர் குலத்தவர். 1883 முதல் 1901 வரை இங்கு நாடு கடத்தப்பட்டிருந்து, முஸ்லிம்களின் நவீன கல்விக்கு ஊக்கமளித்த ஒராபி பாஷா, எகிப்திய உழவர் குடியிற் பிறந்தவர். இருவரையும் ‘அராபியர்’ என்று மட்டும் கூறி அமைந்துவிடுகின்றோம். அவர்தம் பிறப்பிடங்களை மாணாக்கர் தேசப்படத்தில் சுட்டும்போதே ஆபிரிக்கப் பாடம் தொடங்கிவிடுகின்றது.

அதே இப்னு பதூதா 1352இல் சகாராவைக் கடந்து மாலிப் பேரரசின் எல்லை நகராகிய வலாத்தாவை அடைந்தார். தொழுகை தவறாத அந்நகர முஸ்லிம்கள் தாய்மாமன் வழியே வமிசங் கூறுவதும், சகோதரியின் மைந்தரே சொத்துரிமை பெறுவதும் அவருக்கு வியப்பளித்தன. கல்முனை மாணவிக்கு அவ்வளவு வியப்பு நேராது. இக்கரையில் ‘குடி’ எனப்படும் வமிசப் பிரிவு தாய்வழியே வருவது. மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வதும் இங்கு வழக்கம். அயலிலுள்ள தமிழ் இந்துக்களுக்கும் குடிமுறை பொதுவானதே.

கிழக்காபிரிக்கக் கரையின் சுவாகிலி மக்களைக் கற்பிக்கும்போது இவ்வொப்புமை மேலும் ஆழமாகின்றது. அவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்தம் மொழி அரபுச் சொற்கள் மிகுந்ததாயினும் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. குடியேற்றவாதக் கால அறிஞர் பலர் சுவாகிலி நகரங்களை அராபியரின் படைப்பு என்றனர். பின்வந்த அகழாய்வுகள் அவற்றின் ஆபிரிக்க அடித்தளத்தைப் புலப்படுத்தின. மத்தியகால நகரத்தார் பலர் பெரும்பாலும் ஆபிரிக்கத் தாய்மாருக்கும் பாரசீகம் முதலிய ஆசியப் பகுதிகளிலிருந்து வந்த ஆடவருக்கும் வழித்தோன்றியவர்கள் என்பதை 2023இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. ‘அராபியரா, ஆபிரிக்கரா?’ என்று ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்ன வினாவே பிழையாயிற்று.

இத்தகைய வினா நமக்கும் புதிதன்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார்; 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்தெழுதினார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் அவ்விவாதத்தின் பின்னணியில் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் 1985இலும் 1990இலும் குருதி சிந்திய பின்னர், அவ்வினாவை வெறும் ஏட்டு வினாவாகக் கருதுதல் இயலாது. மொழி ஒன்றும் சமயம் வேறொன்றுமாய் வாழ்வது குறைபாடன்று, உலகின் பெருங்கரைகளிற் பரவலாகக் காணப்படும் வரலாற்று நிலையே என்பதை மாணாக்கர் சுவாகிலிக் கரையிலிருந்து அறிந்துகொள்வர்.

எனினும், ஆபிரிக்காவை நம் முகம் பார்க்கும் கண்ணாடியாக மட்டும் ஆக்குதல் ஆகாது. ஏறத்தாழ 2,000 மொழிகள் வழங்கும் கண்டம் அது. நான்காம் நூற்றாண்டிற் கிறித்தவந் தழுவியதும், பின்னர் நபித்தோழர்களுக்கு அடைக்கலம் அளித்ததுமாகிய அக்சும் அரசு பாடத்தில் இடம்பெறல் வேண்டும். சாந்தின்றிக் கல்லடுக்கி எழுப்பிய மகா சிம்பாப்வேயும், அதனை ஆபிரிக்கர் கட்டியிருக்க இயலாதெனக் குடியேறிய வெள்ளையர் மறுத்த கதையும் இடம்பெறல் வேண்டும். நம்மை ஒத்தனவற்றோடு நம்மை ஒவ்வாதனவற்றையும் மதிக்கப் பயிற்றாத கல்வி அரைகுறையானதே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் மருதமுனையையும் சாய்ந்தமருதையும் அழித்த ஆழிப்பேரலை, அதே நாளிற் சோமாலியக் கரையையும் தாக்கி உயிர்களைப் பலிகொண்டது. கல்முனையில் அந்நாளை அறியாத வீடு இல்லை. அப்பேரலை ஆபிரிக்கா வரை சென்றதை அறிந்த மாணாக்கரோ சிலரே. ஆசிரியர் தம் முதற் பாடத்தை அவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.