பேச்சுப் போர்த்துக்கீசியத்தில் விகுதிகளின் ஒலிச்சுவடு

இலக்கண விகுதியொன்று தேய்ந்து மறையும்போது அது சுமந்த பொருளும் உடன் மறைகிறதா, அல்லது சொல்லுக்குள்ளேயே ஏதேனும் ஒலியடையாளம் தங்குகிறதா என்னும் வினாவுக்குப் பிரேசில் மக்களின் பேச்சு தெளிவான விடை தருகிறது: மறையுமுன் அண்டை ஒலியை மாற்றிவிட்ட விகுதிக்கே சுவடு உண்டு, வெறுமனே ஒட்டிநின்ற விகுதிக்கு இல்லை.

ரியோ டி ஜெனிரோவில் 'பாத்து' என்றால் 'அடிக்கிறேன்'. 'பாச்சி' என்றால் 'அடிக்கிறான்'. வினையடி ஒன்றே, இறுதி இகரம் முன்னுள்ள தகரத்தை அண்ணத்தின் பக்கம் இழுத்துச் சகரமாக்கியுள்ளது. இதனை அண்ணவொலியாதல் என்பர். விரைந்த பேச்சில் இகரம் தேய்ந்து 'பாச்' என்று மட்டும் ஒலித்தாலும், அச்சகரமே படர்க்கையை உணர்த்திவிடுகிறது. லிஸ்பனில் தகரம் இவ்வாறு மாறுவதில்லை. இறுதி உயிர் விழுந்ததும் 'பாத்' என்றே நிற்கிறது.

பெயர்ச்சொற்களில் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. முட்டையைக் குறிக்கும் 'ஓவு' என்னும் ஒருமையில் ஓகாரம் வாய் குவிந்தும், 'ஓவுஸ்' என்னும் பன்மையில் வாய் அகன்றும் ஒலிக்கிறது. இலத்தீன் ஒருமையின் ஈற்று உகரம் அடியிலிருந்த உயிரைக் குவித்ததும், பன்மை ஈறு அவ்வாறு குவிக்காததுமே இதற்குக் காரணம். இன்று பிரேசிலில் ஈற்றுயிர்கள் இரண்டும் உகரமாகவே ஒலிக்க, பொதுப்பேச்சில் பன்மைக்குரிய ஸகரமும் உதிர்கிறது. எனினும் அகன்ற ஓகாரம் நிலைக்குமாயின், விகுதியற்ற சொல்லும் பன்மையே.

நாட்டுப்புற வழக்கில் கண்ணைக் குறிக்கும் 'ஸோயு' என்ற சொல்லைக் கூர்ந்து கேட்பது தகும். 'கண்கள்' என்பதற்குரிய 'உஸ் ஓல்யுஸ்' என்னும் தொடரில், பெயருக்கு முன்வரும் அடையின் ஸகரம் உயிரின் முன் அதிர்வொலியாகி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ள, மக்கள் அதனைப் பெயரின் முதலெழுத்தாகவே கொண்டனர். ஓகாரமும் பன்மைக்குரிய அகன்ற ஓகாரமே. ஒற்றைக் கண்ணைச் சுட்டும்போதும் இன்று வழங்கும் இச்சொல்லில் பழைய பன்மையின் இரு சுவடுகள் உறைந்துள்ளமை உண்மையில் வியப்புக்குரியது.

இதற்கு மாறாக, விகுதி வெறுமனே ஒட்டிநின்ற சொல்லில், அதாவது 'வீடுகள்' என்னும் 'அஸ் காஸஸ்' பேச்சில் 'அஸ் காஸ' ஆகும்போது, பெயரில் எச்சம் ஏதுமில்லை. பன்மைப் பொருளை முன்னடை ஒன்றே தாங்குகிறது. வினைகளைப் பொறுத்தவரை, ஒருமைக்கும் பன்மைக்கும் ஒலிவேறுபாடு குறைவாக உள்ள இடங்களிலேயே பன்மை விகுதி மிகுதியாகக் கைவிடப்படுகிறது என்பதை மொழியியலாளர் ஆந்தனி நாரோ 1981-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.

போர்த்துக்கீசிய எழுத்துமுறை 'ஓவு', 'ஓவுஸ்' ஆகியவற்றின் ஓகாரங்களை ஒரே எழுத்தால் குறிப்பதால், இச்சுவடுகளை ஏட்டில் தேடாமல், மக்களின் பேச்சைப் பதிவுசெய்து செவியால் கேட்டே ஆராய்தல் வேண்டும்.