தர்மக் கடைச் சரக்கு

ஆக்ஸ்போர்டு என்றால் நமக்குச் சர்வகலாசாலை ஞாபகம் வரும். அகராதி ஞாபகம் வரும். அந்த ஊர் பிராட் தெருவில் 17-ஆம் எண் கடையைப் பற்றி நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1947-48-ல் அங்கே ஒரு பழைய சாமான் கடை வைத்தார்கள். சரக்குக்கு முதல் கிடையாது; எல்லாம் யாராவது சும்மா கொடுத்தது. லாபம் கடைக்காரருக்குக் கிடையாது. எங்கோ பட்டினி கிடப்பவனுக்குப் போக வேண்டியது. இங்கிலீஷ்காரர்கள் சாரிட்டி ஷாப் என்கிறார்கள். நாம் தர்மக் கடை என்று வைத்துக்கொள்வோமே.

இதன் வேர் யுத்தத்தில் இருக்கிறது. 1941-ல் ஜெர்மானியர் கிரீஸைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை அந்த நாட்டுக்குச் சரக்குப் போகாமல் கடலை அடைத்தது. நடுவில் அகப்பட்ட ஜனங்கள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அவர்களுக்குச் சோறு போக வழி தேடி, 1942 அக்டோபர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டு செயின்ட் மேரி தேவாலயத்தில் சிலர் கூடினார்கள். அதில் பிறந்ததுதான் பிற்பாடு ஆக்ஸ்பாம் என்று பெயர் பெற்ற சங்கம். கிரேக்க இலக்கியத்தில் கரை கண்ட கில்பர்ட் மரேயும் அதில் இருந்தார். ஸெஸில் ஜாக்ஸன்-கோல் என்ற வியாபாரியும் இருந்தார். பண்டிதர்கள் மட்டும் கூடியிருந்தால் அறிக்கை வந்திருக்கும்; கடை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

1949-ல் ஜோ மிட்டி என்பவர் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார். ஜனங்கள் எதைக் கொடுத்தாலும் விற்றுவிடுவது என்பது அவர் கொள்கை. பொய்ப்பல் வந்தது, விற்றார்கள். பாடம் பண்ணிய மிருகங்கள் வந்தன, விற்றார்கள். ஒரு படகு வீடுகூட விலைபோயிற்று!

இவர்களுக்கு முன்பே, 1941-ல், செஞ்சிலுவைச் சங்கத்தார் லண்டன் ஓல்டு பாண்டு தெருவில் இப்படி ஒரு கடை நடத்தினார்கள். அந்தக் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுத்த வர்த்தக இலாகா ஒரு நிபந்தனை போட்டது: விற்பதெல்லாம் தானமாக வந்ததாக இருக்க வேண்டும், விலைக்கு வாங்கி மறுபடி விற்கக் கூடாது. நல்ல நிபந்தனைதான். ஆனால் அது கடைக்கு மட்டும். வாசல் வழியே வந்து வாங்கிப் போகிறவர் அடுத்த தெருவில் பத்து மடங்குக்கு விற்றால், அதைக் கேட்க அந்த நிபந்தனையில் இடமில்லை.

பத்து மடங்கென்ன? அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் 2006-ல் ஒருவர் சுருட்டி வைத்திருந்த ஒரு காகிதத்தை 2 டாலர் 48 சென்டுக்கு வாங்கினார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் நகல் அது. அத்தேசத்தில் அம்மாதிரி நகல்கள் மலிந்து கிடக்கின்றன. இருந்தாலும் ஏதோ சந்தேகம் தட்டி விசாரித்தார். 1820-ல் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் உத்தரவிட, வில்லியம் ஸ்டோன் என்ற சித்திர வேலைக்காரர் மூலத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி எடுத்த 200 பிரதிகளில் ஒன்று என்று தெரிந்தது. 2007-ல் ஏலத்தில் 4,77,650 டாலருக்குப் போயிற்று. அதைக் கடைக்குக் கொடுத்தவர் வருஷக்கணக்காகத் தம் கார் கொட்டகையில் மாட்டி வைத்திருந்தாராம்.

இதில் நஷ்டப்பட்டவர் யார்? கொடுத்தவர் கொடுத்துவிட்டார், கடைக்காரர் கேட்ட விலை வந்துவிட்டது. சட்டப்படி விஷயம் முடிந்தது.

நம் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் அபூர்வமான ஒன்றை எட்டணாவுக்குத் தட்டிக்கொண்டு வந்தால் நமக்கு ஒரு சந்தோஷம். அந்தக் கடைக்காரர் சாமானியரா? இன்று ஏமாந்தால் நாளைக்கு அட்டை கிழிந்த நாவலை நம் தலையில் கட்டிவிடுவார். சமபலம் உள்ளவர்களின் மல்யுத்தம் அது. தர்மக் கடையில் அப்படி இல்லை. எதிரே நிற்பது சம்பளம் வாங்காமல் மத்தியானப் பொழுதைத் தானமாகக் கொடுத்திருக்கும் ஓர் அம்மாள். சரக்குக்கு உண்மையான சொந்தக்காரனோ கண்காணாத தேசத்தில் பசியோடு இருக்கிறான். பேரத்துக்கு அவன் வர முடியாது. தெரியாமல் வாங்கி, வீட்டுக்குப் போன பிறகு தெரிந்துகொண்டவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பங்கைக் கடைக்கு அனுப்பினால் மெச்சுவேன், அவ்வளவுதான். விலை தெரிந்தே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சில்லறையை எண்ணி வைக்கிறாரே, அவர் விஷயம் வேறு. அவர் கை நீள்வது உண்டியலுக்குள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சந்தை விலை போட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். தர்மக் கடைக்கு இரண்டு ஏழைகள் உண்டு: பணம் போய்ச் சேர வேண்டிய தூரத்து ஏழை ஒருவன், குளிருக்கு ஒரு கோட்டு மலிவாகக் கிடைக்குமா என்று வந்து நிற்கும் பக்கத்துத் தெரு ஏழை ஒருவன். விலையை ஏற்றினால் முன்னவனுக்கு லாபம், பின்னவனுக்குக் குளிர்.

ஆக்ஸ்பாம்காரர்கள் 1987-ல் அதே ஊரில், செயின்ட் ஜைல்ஸ் வீதியில், புத்தகத்துக்கென்றே தனிக் கடை வைத்தார்கள். முதல் பதிப்பைப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் அங்கே உட்கார்ந்து விலை போடலாம். பொக்கிஷ வேட்டைக்காரர்கள் அவர்களோடு மல்லுக்கு நிற்கட்டும். கோட்டு வாங்க வந்தவருக்கு அந்தப் பக்கம் வேலையில்லை.