லினக்ஸ் போட எந்த லேப்டாப் வாங்கலாம்? காசு கொடுக்கும் முன் 10 நிமிட டெஸ்ட்!

லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி எவ்வளவுன்னு கேட்போம். ஆனா, உபுண்டு, டெபியன் மாதிரி கட்டற்ற மென்பொருள் இயங்குதளம் போடப்போறீங்கன்னா, முதல்ல கேட்க வேண்டியது வேற. வைஃபை சிப் எது, கிராஃபிக்ஸ் எது? இதைக் கேட்காம வாங்கினா, லினக்ஸ் போட்ட பிறகு வைஃபையே வராமப் போகலாம்.

லினக்ஸ் நமக்குப் புதுசு இல்லை. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்களில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சி-டாக். புதுச்சேரி பக்கம் இருக்கீங்களா? உங்க ஊர்லயே லெனோவோ ஆலை இருக்கு. அந்த நிறுவனத்தின் திங்க்பேட் வரிசைதான் லினக்ஸ் பயனாளர்களின் நீண்டநாள் ஃபேவரைட். 2020-ல் சில திங்க்பேட்களை ஃபெடோரா லினக்ஸோடவே லெனோவோ விற்க ஆரம்பிச்சது.

எதைப் பார்க்கணும்?

வைஃபை: இன்டெல் சிப் பெரும்பாலும் பிரச்னை தராது. பிராட்காம்னா தனியா டிரைவர் தேட வேண்டி வரலாம்.

கிராஃபிக்ஸ்: இன்டெல், ஏ.எம்.டி ரெண்டுக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கு. என்விடியாவுக்கு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் டிரைவரைத் தனியா போடணும்.

பிராசஸர்: ஸ்நாப்டிராகன் லேப்டாப்களில் லினக்ஸ் ஆதரவு இன்னும் முழுமையா இல்லை. இப்போதைக்கு இன்டெல் அல்லது ஏ.எம்.டி நல்லது.

மாடல்: போன மாசம் வந்த மாடலைவிட, ஒரு வருஷம் பழசானது பாதுகாப்பு. அதுக்குள்ள டிரைவர்கள் வந்திருக்கும். பட்ஜெட் குறைவா? செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் பாருங்க. பேட்டரியை மட்டும் கவனமா செக் பண்ணுங்க.

கடையில் 10 நிமிடம்

8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்யுங்க. இன்ஸ்டால் பண்ணாம 'முயன்று பார்' ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தா, உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட், ப்ளூடூத், மூடித் திறந்தா திரும்ப எழுந்திருக்குதா... எல்லாத்தையும் பாருங்க. கைரேகை சென்சார் பல மாடல்களில் வேலை செய்யாது. அதை நம்பி வாங்காதீங்க.

ஆன்லைனில் வாங்குறீங்களா? உபுண்டு சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் அதன் தளத்தில் இருக்கு. அதே மாடல் எண்ணா என்பதைப் பாருங்க. ரிட்டர்ன் விதிகளையும் படிச்சிடுங்க.

'முழுக்க முழுக்க கட்டற்ற மென்பொருள்தான் வேணும்' என்பவர்களுக்கு ஒரு விஷயம். இன்டெல் வைஃபைகூட மூடிய ஃபர்ம்வேரில்தான் ஓடுது. டிரிஸ்குவெல் போன்ற இயங்குதளங்களில் அது இருக்காது. எச்-நோட் தளத்தில் எந்தக் கருவி கட்டற்ற மென்பொருளோடு மட்டும் ஓடும்னு தேடிப் பார்த்து வாங்குங்க.

புதுசு வாங்கும் முன் பழசையும் ஒருமுறை யோசிங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. அதனாலேயே ஓரங்கட்டின லேப்டாப் வீட்டில் இருந்தா, அதே பென்டிரைவை அதில் செருகிப் பாருங்க. எல்லாம் ஓடினா, புதுசு வாங்குற செலவே மிச்சம்!